குதிரைத்திறனும் கொஞ்சூண்டு காசும்

டிஸ்கி: இது கார் புராணம். கார் பிடிக்காதவர்கள் நடுவில் வரும் சரித்திரத்துக்காகவாவது படிக்கலாம். அதுவும் பிடிக்காதவர்கள் என்னைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன மாசம் நம்ம வண்டி பரீட்சையில் ஃபெயில்.

வண்டி 1999 மாடல் மாஸ்டா மியாட்டா. ரெண்டே சீட்டு, கூரையை மடிச்சு பின்னாடி போட்டுக்கலாம், 1.8 லிட்டர் எஞ்சின், 140 குதிரை. நாலாயிரத்து ஐநூறு டாலருக்கு வாங்கினேன். சான் ஹோசேயில் பொட்டி தட்டிச் சேர்த்த காசில் எனக்கே எனக்குன்னு வாங்கின முதல் அநாவசியப் பொருள் (இந்த வார்த்தை தங்கமணியுடையது). கலிஃபோர்னியாவில் இந்த வயசு வண்டியை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்மாக் டெஸ்ட்டுக்குக் கொண்டுபோகணும். உருளை மேல் ஏத்தி, மணிக்கு 15 மைல், 25 மைல் வேகத்தில் ஓட விட்டு, பின்னாடி குழாயைச் சொருகிப் புகையை அளப்பார்கள்.

புகை நம்பரெல்லாம் பிரமாதம். ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்ஸைடு, நைட்ரிக் ஆக்ஸைடு, மூணுமே அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை. நான் சிரிச்சுக்கிட்டே கார்டை எடுத்தேன். டெஸ்ட் செய்த வியட்நாமியப் பெரியவர் பானட்டைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இந்த இன்டேக்குக்கு நம்பர் எங்கே?"

எனக்கு வித்தவர் கம்பெனி ஏர் பாக்ஸைக் கழட்டிப் போட்டுட்டு, பளபளன்னு ஒரு அலுமினியக் குழாயும் சிவப்பு ஃபில்டரும் மாட்டியிருந்தார். வாங்கும்போது அதைப் பார்த்துத்தான் மயங்கினேன் என்பது தனி சோகம். அவர் காட்டின ஸ்மாக் சர்ட்டிஃபிகேட்டில் ஒரு குறையும் இல்லை. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் பழைய பாக்ஸை மாட்டி, அடுத்த நாள் கழட்டியிருப்பார்னு இப்பத்தான் உறைக்குது. ஆக, என் வண்டி பரீட்சையில் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு, ஹால் டிக்கெட் இல்லாததால் ஃபெயில் ஆன கேஸ்.

செம கடுப்பு. புகை சுத்தமா இருக்கும்போது ஒரு ஸ்டிக்கருக்காக ஏன் ஃபெயில்? இந்த ஸ்டிக்கரை எவன் கண்டுபிடிச்சான்? அன்னைக்கு ராத்திரி தோண்ட ஆரம்பிச்சவன், ஹென்றி ஃபோர்டு காலம் வரைக்கும் போய்ட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

1932-ல் ஃபோர்டு கம்பெனி ஒரு வி8 எஞ்சினை விலை மலிவான காரில் வைத்தது. 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர், 65 குதிரை. அதுவரை எட்டு சிலிண்டர் என்றால் பணக்காரச் சமாச்சாரம். இந்தக் காரில் கூரை மடக்கும் ரோட்ஸ்டர் மாடலின் ஆரம்ப விலை 500 டாலருக்கும் கீழே. நாலைஞ்சு வருஷம் கழித்து அதே கார்கள் பழைய வண்டிச் சந்தைக்கு வந்தபோது, தெற்கு கலிஃபோர்னியாவின் மெக்கானிக் பையன்கள் கையில் அல்வா மாதிரி விழுந்தன.

அந்த எஞ்சினுக்கு ஃப்ளாட்ஹெட் என்று பெயர். வால்வுகளெல்லாம் கீழே பிளாக்கிலேயே இருக்கும். மேலே மூடியிருக்கும் ஹெட் கிட்டத்தட்ட ஒரு தட்டையான இரும்பு மூடி. இதில்தான் ஏழைக்கு ஏத்த வித்தை இருக்கு. அந்த மூடியைக் கழட்டி மிஷினில் கொஞ்சம் சீவினால் எரியும் அறை சின்னதாகும், கம்ப்ரெஷன் ஏறும், கூடவே பவரும் ஏறும். சீவற கூலி மட்டும்தான் செலவு. கோவையில் எங்க வீட்டுப் பக்கத்து லேத்துப் பட்டறையில், ஆர்எக்ஸ்100 சிலிண்டரை வச்சுக்கிட்டு இதே மாதிரி வேலை செய்த அண்ணன்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இஞ்சினியரிங் காலேஜில் தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எனக்குப் புரிஞ்சதுக்கு அந்தப் பட்டறைதான் காரணம்.

(ஃப்ளாட்ஹெட்டில் ஒரு கோளாறும் உண்டு. எரிந்த சூடான புகை பிளாக்குக்குள்ளேயே சுத்தி வெளியே வரும். அதனால் எஞ்சின் சீக்கிரம் கொதிக்கும். ஓசியில் வர்ற பவருக்கு எங்கேயாவது ஒரு பில் வரும்தானே.)

இந்தப் பையன்கள் ஓட்டிப் பார்த்த இடம் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தின் காய்ந்த ஏரிகள். மியூராக், ரோஸமண்ட் போன்ற இடங்கள். கண்ணுக்கெட்டின தூரம் வரை சிமெண்ட் களம் மாதிரி தரை. 1937-ல் சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்று சங்கமே ஆரம்பிச்சு, கடிகாரம் வைத்து வேகம் அளந்தார்கள். இதில் நம்ம கதைக்கு முக்கியமான ஆள் விக் எடல்ப்ராக். கார் ரிப்பேர் கடைக்காரர். கம்பெனி மேனிஃபோல்டில் ஒரே கார்புரேட்டர்தான் வைக்கலாம். இவர் ரெண்டு வைக்கிற மாதிரி ஒண்ணை டிசைன் பண்ணி, 1938 வாக்கில் 'ஸ்லிங்ஷாட்' என்ற பெயரில் நூறு போல வார்த்தெடுத்தார். விளம்பரம் எது தெரியுமா? அவருடைய சொந்த 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர்தான். வாரநாளில் அதில்தான் வேலைக்குப் போவார். ஞாயித்துக்கிழமை அதையே ஏரிக்கு ஓட்டிட்டுப் போய், மட்கார்டு, ஹெட்லைட், கண்ணாடியெல்லாம் கழட்டி வச்சுட்டு ஓட்டுவார். 1941 நவம்பரில் ரோஸமண்டில் அந்த வண்டி மணிக்கு 121 மைல் போனது. நம்ம கணக்கில் 195 கிலோமீட்டர். அப்புறம் எல்லாத்தையும் திரும்ப மாட்டிக்கிட்டு வீட்டுக்கு.

இதைக் கவனிங்க. அந்தக் காலத்தில் "ரோட்டில் ஓட்டச் சட்டப்படி சரியான வண்டி" என்றால் மட்கார்டும் லைட்டும் இருக்கிற வண்டி, அவ்வளவுதான். ஒரு ஸ்பானர் போதும். பானட்டுக்குள்ளே நீங்க என்ன வச்சிருக்கீங்கன்னு அரசாங்கம் கேட்கவே இல்லை.

போர் முடிஞ்சு ராணுவத்திலிருந்து திரும்பினவர்கள் கையில் சம்பளக் காசும் மெக்கானிக் பயிற்சியும் இருந்தன. ஊரெல்லாம் ஹாட் ராட். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' பத்திரிகையை ஆரம்பிச்சார். தெருவில் ரேஸ் விட்டுச் செத்தவர்களின் செய்திகளும் வரத்தான் செய்தன. 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனைத் தொடங்கினார். பசங்களைத் தெருவிலிருந்து ஒரு ஒழுங்கான மைதானத்துக்கு இழுத்துட்டுப் போவதுதான் நோக்கம். 1953-ல் அந்தச் சங்கத்தின் முதல் அதிகாரப்பூர்வப் போட்டி பொமோனாவில், உள்ளூர் போலீஸின் ஆதரவோடேயே நடந்தது. அப்பவும் சண்டை வேகத்தைப் பத்தித்தான். புகையைப் பத்தி ஒருத்தரும் பேசலை.

புகை தனியா இன்னொரு பாதையில் வந்துக்கிட்டிருந்தது.

1943 ஜூலை 26. லாஸ் ஏஞ்சலஸில் பட்டப்பகலில் கண் எரிச்சல், தொண்டைக் கமறல், நாலு தெரு தள்ளி என்ன இருக்குன்னு தெரியாத மூட்டம். போர்க்காலம் வேற, ஜப்பான்காரன் ரசாயனக் குண்டு போட்டுட்டான்னு நினைச்சுப் பயந்தார்கள். பக்கத்திலிருந்த ரசாயனத் தொழிற்சாலை மேல் பழி விழுந்தது. அதை மூடின பிறகும் மூட்டம் திரும்பத் திரும்ப வந்தது. கால்டெக்கில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்று ஒரு டச்சுக்கார வேதியியலாளர். அன்னாசிப் பழத்துக்கு அந்த வாசனை எங்கேர்ந்து வருதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தவர். அதே முறையில் ஊர்க்காற்றைப் பிடிச்சு அலசினார். 1950களின் தொடக்கத்தில் விடை சொன்னார்: கார்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் விடுற ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடும், வெயிலில் வினைபுரிந்து ஓசோன் ஆகுது. கண் எரியறதுக்கு அதுதான் காரணம். எண்ணெய்க் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் சுலபத்தில் ஒத்துக்கலை.

மலை சூழ்ந்த ஊர், வருஷம் முழுக்க வெயில், ஊர் நிறைய கார். ஹாட் ராடுக்குச் சொர்க்கமா இருந்த அதே காரணங்கள்தான் புகைக்கும் சொர்க்கம்.

இதுக்கு நடுவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட மனசு வரலை. 1964-ல் ஃபோர்டு மஸ்டாங் வந்தது, ஆரம்ப விலை 2,368 டாலர். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார், அடியில் சாதாரணக் குடும்பக் காரின் சாமான். அதை ரேஸில் ஜெயிக்கிற வண்டியாக்கித் தரச்சொல்லி கேரல் ஷெல்பியிடம் கேட்டார்கள். ரேஸ் விதிப்படி ரோட்டில் ஓடுற வண்டியாகவே நூறாவது தயாரிக்கணும். அப்படி வந்ததுதான் 1965-ன் ஜிடி350. 289 கன அங்குல எஞ்சினுக்கு அலுமினிய மேனிஃபோல்டு, பெரிய ஹாலி கார்புரேட்டர், நீளக் குழாய் எக்ஸாஸ்ட் ஹெடர் போட்டு 271 குதிரையை 306 ஆக்கினார்கள். விலை 4,547 டாலர், கிட்டத்தட்ட ரெண்டு மஸ்டாங்.

ஆனா அந்த வண்டியை வளைவில் ஓட வைத்த வித்தைகளில் முக்கியமான ஒண்ணுக்கு மேனிஃபோல்டு வேண்டாம், கார்புரேட்டர் வேண்டாம். முன் சஸ்பென்ஷனில் மேல் கன்ட்ரோல் ஆர்ம் பொருத்தியிருக்கும் ஓட்டைகளை ஒரு அங்குலம் கீழே புதுசா துளைச்சு மாட்டினார்கள். ஃபோர்டு இஞ்சினியர் க்ளாஸ் ஆர்னிங் கணக்குப் போட்ட வடிவம் அது. வளைவில் வண்டி சாயும்போது டயர் இன்னும் நேரா ரோட்டில் உட்காரும். செலவு, டிரில் பிட் தேயற அளவு. பழைய மஸ்டாங் வச்சிருக்கிறவர்கள் இதை 'ஷெல்பி டிராப்' என்ற பெயரில் தங்கள் கராஜிலேயே பண்ணிக்கிட்டாங்க. பட்ஜெட் ட்யூனிங் சரித்திரத்தில் எனக்குப் பிடிச்ச ஒரே ஒரு ஐட்டத்தைச் சொல்லச் சொன்னா, இந்த ஓட்டைகளைத்தான் சொல்வேன்.

சரி, ஸ்டிக்கருக்கு வர்றேன்.

1966-ல் கார் புகைக்கு அளவு நிர்ணயிச்ச முதல் அமெரிக்க மாநிலம் கலிஃபோர்னியா. 1967-ல், ரீகன் கவர்னரா இருந்தப்போ, ஏர் ரிசோர்சஸ் போர்டை உருவாக்கினார்கள். முதல் தலைவர் யாரு? நம்ம அன்னாசிப் பழ ஆசாமிதான். 1970-ல் நாடு முழுமைக்கும் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடல்களிலிருந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ஈயம் கலந்த பெட்ரோல் ஊத்தினா கன்வெர்ட்டர் செத்துப் போகும், அதனால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. கம்ப்ரெஷன் குறைஞ்சது, குதிரைகள் காணாமப் போச்சு. 1970 கொர்வெட்டின் அடிப்படை எஞ்சின் 300 குதிரை, 1975-ல் 165. (இதில் பாதி கண்கட்டு. 1972-லிருந்து அளக்கிற முறையையே மாத்திட்டாங்க. ஃபேன், எக்ஸாஸ்ட் எல்லாம் மாட்டின நிலையில் அளக்கணும்னு ஆச்சு. ஆனா மீதிப் பாதி நிஜம்.)

ஸ்பீட் பார்ட்ஸ் செய்றவர்கள் கதி? 1963-ல் அவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், ஸ்பீட் எக்விப்மென்ட் மேனுஃபாக்சரர்ஸ் அசோசியேஷன், சுருக்கமா செமா. பின்னாளில் அந்த 'ஸ்பீட்' என்கிற வார்த்தையையே தூக்கிட்டு, சுருக்கெழுத்து மாறாம 'ஸ்பெஷாலிட்டி'ன்னு போட்டுக்கிட்டாங்க. அரசாங்கத்துக்கு முன்னாடி போய் "நாங்க வேகச் சாமான் வியாபாரிங்க"ன்னு நிக்க முடியுமா :-)

கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 27156-ஆம் பிரிவு புகைக் கட்டுப்பாட்டுச் சாமானில் கை வைக்கக் கூடாது என்கிறது. அதோட விட்டிருந்தா இந்தப் பொழுதுபோக்கே செத்திருக்கும். ஆனா அதில் ஒரு ஜன்னல் வைத்தார்கள். உங்க சாமானை மாட்டினால் புகை கெடாதுன்னு லேப் டெஸ்ட்டில் நிரூபிச்சுக் காட்டுங்க, எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த வருஷ வண்டிக்குன்னு குறிப்பிட்டு எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் என்ற உத்தரவு தர்றோம். அந்த உத்தரவு எண்ணை ஸ்டிக்கரா ஒட்டிக்கலாம். பெரியவர் டார்ச் அடிச்சுத் தேடினது அதைத்தான். 1984-ல் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்மாக் செக் வந்தப்புறம், அந்த எண் இல்லாத சாமான் மாட்டிக்கொள்ளும் இடமும் ஒண்ணு வந்துடுச்சு.

இதைப் படிச்சப்போ என் கடுப்பு பாதி இறங்கிடுச்சு. ஒரே நாள், ஒரே டெஸ்ட், எஞ்சின் சூடா இருக்கும்போது எடுத்த புகை நம்பரை வச்சு எதையும் சொல்ல முடியாது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ற முதல் ரெண்டு நிமிஷப் புகைதான் மோசம். அதை அந்த உருளை மெஷின் பார்ப்பதே இல்லை. லேப்பில் பார்ப்பார்கள். நம்ம பாஷையில் சொன்னா, என் மெஷினில் ஓடுதுன்னு சொல்றதுக்கும் முழு டெஸ்ட் சூட் பாஸ் ஆவதுக்கும் உள்ள வித்தியாசம்.

மீதிப் பாதிக் கடுப்பு அப்படியே இருக்கு. லேப் டெஸ்ட்டுக்குக் காசு ஆகும். பெரிய கம்பெனி கட்டும். பட்டறைக்காரன் கட்ட மாட்டான், "ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்"னு பொடி எழுத்தில் போட்டு வித்துடுவான். 1938-ல் நூறு மேனிஃபோல்டு வார்த்த அந்த எடல்ப்ராக் இன்னைக்கு வந்தா, முதலில் லேப் வாசலில் வரிசையில் நிக்கணும். என் வண்டிக்கே பாருங்க, உத்தரவு எண்ணோடு வர்ற இன்டேக் விலை அதிகம், எண் இல்லாதது பாதி விலை, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே குழாய்.

இப்போ இது சாஃப்ட்வேருக்கும் வந்தாச்சு. 2021 ஜூலை 19 முதல் ஸ்மாக் செக்கில் எஞ்சின் கம்ப்யூட்டர் நிரலையும் சரிபார்க்கிறார்கள். புதிய கார்கள் தங்கள் கேலிப்ரேஷனுக்கு ஒரு செக்சம் மாதிரி எண் சொல்லும். அது கம்பெனி எண்ணாவோ, போர்டு அனுமதிச்ச எண்ணாவோ இல்லைன்னா ஃபெயில். ஆபீசில் ஒருத்தர் லேப்டாப்பை வச்சே 30 குதிரை ஏத்தினேன்னு அலட்டிக்கிட்டிருந்தார். இப்போ டெஸ்ட் தேதி நெருங்க நெருங்க ஃபேக்டரி ஃபைலைத் தேடிக்கிட்டிருக்கார்.

இனி என் பட்ஜெட். மொத்தம் 1,500 டாலர், தங்கமணி கையெழுத்து போட்ட தொகை. முதலில் போட்ட திட்டத்தில் ஹெடர், எக்ஸாஸ்ட், எஞ்சின் கம்ப்யூட்டர்னு எல்லாமே குதிரைதான் இருந்தது. சரித்திரம் படிச்சப்புறம் அந்தப் பேப்பரைக் கிழிச்சுட்டேன். இந்த வண்டி பிறந்த கதையே வேற. 1979-ல் பாப் ஹால் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் கார்கள் மாதிரி எளிமையான, விலை குறைஞ்ச திறந்த கார் ஒண்ணு செய்யுங்கன்னு கேட்டார். பத்து வருஷம் கழிச்சு 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வந்தது 116 குதிரைதான், விலை 13,800 டாலர். 1962-ன் லோட்டஸ் இலான்தான் மனசிலிருந்த மாதிரி. எடை குறைவு, நல்ல சஸ்பென்ஷன், அவ்வளவுதான் அதோட மந்திரம். அதில் போய்க் குதிரையைத் தேடினது என் தப்பு.

புதுத் திட்டத்தில் காசில் பெரும்பகுதி நாலு நல்ல டயருக்கு. ரப்பர் மென்மையான வகை, 15 அங்குலம். ரோட்டைத் தொடுறது அந்த நாலு உள்ளங்கை அகல ரப்பர் மட்டுமே, அதுக்கு எந்த ஸ்டிக்கரும் வேண்டாம். அடுத்து பிரேக் பேட், புது பிரேக் ஆயில். பிறகு ஒரு ஒழுங்கான அலைன்மெண்ட். இதுதான் எனக்கு எட்டுற 'ஷெல்பி டிராப்'. மியாட்டாவில் நாலு சக்கரத்துக்கும் கோணம் திருத்த கம்பெனியே வசதி வச்சிருக்கு, கேம்பரைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்க்கச் சொல்லப் போறேன். கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிற சைலன்சரை மாத்தலாம், அதுக்கு உத்தரவு எண் தேவையில்லை, சத்தம் 95 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆனா அதைத் தள்ளிப் போட்டுட்டேன், அப்பார்ட்மெண்ட் கீழ்வீட்டில் கைக்குழந்தை. மிச்சக் காசில் காலி பார்க்கிங் லாட்டில் கோன் வச்சு ஓட்டுற ஆட்டோகிராஸுக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை. டிரைவருக்கும் அப்கிரேடு வேணுமே.

இதுக்கெல்லாம் முன்னாடி ஏர் பாக்ஸ். ரெண்டு வாரம் தேடி, பழைய வண்டி உடைக்கிற யார்டில் இடிபட்ட ஒரு மியாட்டாவிலிருந்து நானே கழட்டிட்டு வந்தேன். கருப்பு பிளாஸ்டிக், ஒரு கிளிப் உடைஞ்சிருக்கு, உள்ளே காய்ஞ்ச இலை. 40 டாலர். மாட்டி முடிச்சுட்டு தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏங்க, முன்னாடி இருந்தது பளபளன்னு நல்லா இருந்துதே?"

பளபளக் குழாய் இப்போ ஷூ ராக் மேல இருக்கு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, ஆனா கலிஃபோர்னியாவில் மாட்டாதீங்க. ரீ-டெஸ்ட் வர்ற சனிக்கிழமை, காலை ஒன்பதரை.